ஒரு பிரபுவின் விளையாட்டுச் சொல்: 'ஹக்கென்தென்' நாவலும் ஜப்பானிய நிலப்பிரபுத்துவ அறமும்

1814-ஆம் ஆண்டு எதோ நகரில், இன்றைய டோக்கியோவில், ஐந்து மெல்லிய மரஅச்சுப் புத்தகங்கள் வெளிவந்தன. 'நான்சோ சாதோமி ஹக்கென்தென்' என்ற நெடுங்கதையின் முதல் தவணை அது. கடைசித் தவணை 1842-ல் வந்தபோது கதை 98 பாகங்களாக, 106 புத்தகங்களாக வளர்ந்திருந்தது. எழுதியவர் கியோகுதெய் பாக்கின். தொடங்கும்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர், முடிக்கும்போது எழுபதைத் தாண்டிவிட்டார். இடைப்பட்ட 28 ஆண்டுகளில் மகனை இழந்தார், மனைவியை இழந்தார், இரு கண்களின் பார்வையையும் இழந்தார். கதையை மட்டும் விடவில்லை.

சாபத்தில் தொடங்கும் கதை இது. ஓர் இளவரசியின் மரணத்திலிருந்து எட்டு மணிகள் வானில் சிதறுகின்றன. திசைக்கொருவராகப் பிறந்த எட்டு இளைஞர்கள் அந்த மணிகளைத் தாங்கி ஒருவரையொருவர் தேடி அலைகிறார்கள். பூதப் பூனை வருகிறது, ஓவியத்திலிருந்து புலி இறங்கி வருகிறது, உருவும்போதே நீர் சொரிந்து இரத்தக்கறையைக் கழுவிக்கொள்ளும் வாள் வருகிறது. சாமுராய் உலகைக் களமாகக் கொண்ட மாயசாகசக் கதைகள் இன்று நாவலாகவும் படக்கதையாகவும் திரைப்படமாகவும் உலகெங்கும் பரவியிருக்கின்றன. அவற்றின் முன்னோடிகளில் இதைவிடப் பெரியதைக் காண்பது அரிது.

ஆனால் நவீன ஜப்பானிய விமர்சனம் பிறந்ததே இந்த நாவலை மறுத்துத்தான். 1885–86-ல் சுபோவுச்சி ஷோயோ 'ஷோசெட்சு ஷின்சுய்' என்ற நூலில் நாவலுக்குப் புது இலக்கணம் வகுத்தார். மனித உணர்ச்சியைக் காட்டுவதே நாவலின் தொழில் என்ற அவர், பாக்கினின் எட்டு வீரர்களும் எட்டு அறங்களுக்கு உருவம் கொடுத்த பூதங்களே, மனிதர்கள் அல்லர் என்று தீர்ப்பளித்தார். இத்தனைக்கும் இளமையில் நாகோயாவின் புகழ்பெற்ற வாடகை நூலகமான தாய்சோவில் இத்தகைய கதைகளை வாசித்தே வளர்ந்தவர் அவர். அந்தத் தீர்ப்பு ஒன்றரை நூற்றாண்டாக இந்த நாவலின் மேல் நிற்கிறது.

ஷோயோவின் தீர்ப்பு பாதி சரி. எட்டு வீரர்களின் உள்ளத்தில் நாம் எதிர்பார்க்கும் தடுமாற்றங்கள் குறைவு. ஆனால் இந்த நாவலின் மையம் அந்த வீரர்கள் அல்லர். ஆள்பவனின் சொல்லுக்கு என்ன மதிப்பு, அது தவறும்போது விலை கொடுப்பவர் யார் என்ற கேள்வியே அதன் மையம். நிலப்பிரபுத்துவ அறத்தைப் போற்றுவதற்காக எழுதப்பட்டதாகத் தோன்றும் இந்த நூல், அதே அறத்தை அளவுகோலாகக் கொண்டு பிரபுக்களை அளக்கிறது. மாயம் அந்த அளத்தலுக்கான கருவி.

மறைந்த குலம், மறைவான மேடை

சாதோமி என்பது உண்மையான குலம். டோக்கியோ வளைகுடாவின் கிழக்கே நீளும் போசோ தீபகற்பத்தின் தென்முனையில், அவா நாட்டை அவர்கள் ஆண்டார்கள். 1614-ல் தோக்குகாவா அரசு அக்குலத்தின் தலைவர் தாதாயோஷியை அவாவிலிருந்து அகற்றி, நாட்டின் மறுபுறத்தில் இருந்த ஹோகி நாட்டுக்கு அனுப்பியது. 1622-ல் அவர் வாரிசின்றி இறந்தார். பிரபுக் குடும்பமாகச் சாதோமி குலம் அத்துடன் முடிந்தது. அவாவை அவர்கள் இழந்து சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து பாக்கினின் முதல் தவணை வெளிவந்தது.

நாவல் தொடங்குவதோ அதற்கும் வெகு முன்னால், 1441-ல் யூகி கோட்டை வீழ்ந்த காலத்தில். தோற்ற தரப்பில் நின்ற இளைஞன் சாதோமி யோஷிசானே கடல் கடந்து அவாவுக்குத் தப்பி வருகிறான். இந்த முதல் தலைவனைப் பற்றிய உறுதியான வரலாற்றுச் சான்றுகள் மிகக் குறைவு. அந்த வெற்றிடம் கதாசிரியனுக்குக் கிடைத்த நிலம்.

பழங்காலத்தைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 1722-ல் வந்த ஆணை ஷோகுன் குடும்பத்தைப் பற்றி அச்சில் பேசுவதைத் தடுத்தது. 1790-ல் வந்த ஆணைகள் நடப்பு நிகழ்ச்சிகளைப் புத்தகமாக்குவதைக் கண்டித்தன. அடுத்த ஆண்டே சான்தோ கியோதென் என்ற புகழ்பெற்ற எழுத்தாளர், தடையை மீறிக் கேளிக்கை விடுதிக் கதைகள் வெளியிட்டதற்காக ஐம்பது நாள் கைவிலங்கிடப்பட்டார். அவருடைய பதிப்பாளர் சுதாயா ஜூசாபுரோவின் சொத்தில் பாதி பறிக்கப்பட்டது. பாக்கின் எழுதக் கற்றது இந்தக் கியோதெனின் நிழலில். அடுத்து வேலைக்குச் சேர்ந்தது அந்தச் சுதாயாவின் கடையில். எழுத்துக்கு அரசு கொடுக்கும் தண்டனை எப்படி இருக்கும் என்பதை அவர் மிக அருகிலிருந்து கண்டார். ஆகவே தன் காலத்துப் பிரபுக்களைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை. மூன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய, வாரிசற்ற ஒரு குலத்தைப் பற்றி எழுதினார். அறநூல்கள் ஆள்பவனிடம் கேட்ட அனைத்தையும் அந்தக் குலத்தின் வாயிலில் கொண்டுபோய் வைத்தார்.

இரு முறை தவறிய வாக்கு

கதையின் வேர் இரண்டு சொற்கள். இரண்டும் யோஷிசானே சொன்னவை.

அவாவில் கொடுங்கோலன் யாமாஷிதா சாதகானேயை வீழ்த்திய யோஷிசானே, அவனுடைய ஆசைநாயகி தமாசுசாவைக் கைதியாகப் பிடிக்கிறான். ஆட்சியைக் கெடுத்தவள் என்பது அவள் மீதான குற்றச்சாட்டு. அவள் கெஞ்சுகிறாள், அவன் மனம் இளகி மன்னிக்கத் தலைப்படுகிறான். உடனிருந்த கனமாரி ஹாச்சிரோ தடுக்கிறார். யோஷிசானே சொல்லை மாற்றிக்கொள்கிறான், அவள் தலை வெட்டப்படுகிறது. உன் சந்ததி நாயாகப் போகட்டும் என்று சபித்துவிட்டு அவள் சாகிறாள். அவளுடைய தண்டனை நியாயமா என்பதை விட, உயிரைத் தருகிறேன் என்று வாயெடுத்தவன் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டான் என்பதே இங்கே குற்றம். சாபம் பலிக்க வழி திறந்தது அவனுடைய நாக்கு.

ஆண்டுகள் செல்கின்றன. அவாவில் விளைச்சல் பொய்த்த காலத்தில் அன்சாய் காகெத்சுரா என்ற அண்டைப் பிரபு, முன்பு தான் பஞ்சத்தில் வாடியபோது சாதோமி கொடுத்த நெல்லை மறந்து, படையெடுத்துவந்து தகிதா கோட்டையைச் சூழ்கிறான். உள்ளே வீரர்கள் பட்டினியில் சாய்கிறார்கள். மனமுடைந்த யோஷிசானே தன் வளர்ப்பு நாய் யாட்சுஃபுசாவிடம் விளையாட்டாகச் சொல்கிறான்: பகைவனின் தலையைக் கொண்டுவந்தால் என் மகள் ஃபுசேயை உனக்கே தருகிறேன். நாய் போகிறது. இரவு முடிவதற்குள் காகெத்சுராவின் தலையைக் கவ்விக்கொண்டு திரும்புகிறது.

கோட்டை பிழைக்கிறது. நாய்க்கு நல்ல உணவும் படுக்கையும் தருகிறார்கள். அது எதையும் ஏற்கவில்லை. கோபத்தில் அதைக் கொல்ல ஈட்டியை எடுக்கும் தந்தையை மகள் ஃபுசே தடுக்கிறாள். பரிசும் தண்டனையும் ஆட்சியின் அடிப்படை, ஆள்பவன் வாயிலிருந்து வந்த சொல் விலங்குக்குச் சொன்னதானாலும் சொல்தான், அதை மீறினால் குடிகள் நம்மை எப்படி நம்புவார்கள் என்பது அவள் வாதம். அவையில் இருந்த அமைச்சர்களோ தளபதிகளோ பேசாத அரசியல் தத்துவத்தை அந்தப் பெண் பேசுகிறாள். பிறகு தாமரைச் சூத்திரத்தை எடுத்துக்கொண்டு நாயின் பின்னே தொயாமா மலைக்குப் போகிறாள்.

மலையில் அவள் நாயைத் தன்னைத் தீண்டவிடவில்லை. சூத்திரம் ஓதுகிறாள், நாயும் கேட்கிறது. ஆயினும் அதன் ஆவியின் தொடர்பால் கருவுறுகிறாள். அவளைத் தேடிவந்த டாய்சுகே, முன்பு மன்னிப்பைத் தடுத்த ஹாச்சிரோவின் மகன், நாயைச் சுடுகிறான். குண்டு அவளையும் காயப்படுத்துகிறது. தன் தூய்மையை நிரூபிக்க அவள் தன் வயிற்றைத் தானே கிழிக்கிறாள். வெண்புகை எழுகிறது, கழுத்திலிருந்த 108 மணி ஜபமாலையின் எட்டுப் பெரிய மணிகள் ஒளியாகிப் பறக்கின்றன. டாய்சுகே துறவியாகி, அந்த மணிகளைத் தேடிப் புறப்படுகிறான்.

நாய்க்கு மகளைக் கொடுக்கும் அரசனின் கதை பழஞ்சீனத்தில் 'பான்ஹு' தொன்மமாக இருந்தது. வீரர் கூட்டம் சேரும் அமைப்பை 'ஷுய்ஹு ஜுவான்' என்ற சீனப் பெருநாவல் தந்தது. பாக்கின் இரண்டையும் நன்றாக அறிந்தவர், மறைக்கவும் இல்லை. அவர் சேர்த்தது தண்டனை, பரிசு, வாக்கு என்ற அரசியல் இழையை. தொன்மத்தில் அரசன் பரிசு அறிவிக்கிறான், நாய் பெறுகிறது. பாக்கினிடத்தில் அரசன் அறிவிக்கவே இல்லை, விளையாடுகிறான். ஆள்பவனுக்கு விளையாடும் உரிமை இல்லை என்பதே அவர் சொல்லவந்தது.

மணியைத் தாங்கியவர்களின் தகுதி

எட்டு மணிகளிலும் எட்டு எழுத்துகள்: அருள், நேர்மை, முறைமை, அறிவு, தலைவன்பால் பற்று, வாய்மை, பெற்றோரைப் பேணல், உடன்பிறந்தார் அன்பு. எட்டு வீரர்களின் குலப்பெயர்களும் நாயைக் குறிக்கும் எழுத்தில் தொடங்கும்; எட்டுப் பேரின் உடலிலும் பியோனி மலர் வடிவில் மச்சம் இருக்கும். இந்த அடையாளங்களை மட்டும் பார்த்தால் ஷோயோ சொன்னது சரிதான். இவர்கள் எங்கே வளர்ந்தார்கள் என்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

இனுகாவா சோசுகே கிராமத் தலைவன் வீட்டு வேலைக்காரன். அநீதிக்கு உடன்படாத தந்தை உயிர்விட்டபின் தாயோடு அலைந்து, பனியில் தாய் இறக்க, அந்த வீட்டில் அடிமைபோல் வளர்ந்தவன். இனுதா கொபுங்கோ கியோதோகு துறைமுகத்தில் சத்திரம் நடத்துபவரின் மகன். இனுசாகா கெனோ கூத்துக் குழுவில் பெண்ணாக வளர்க்கப்பட்ட நடனக்காரன். தன் குடும்பத்தை அழித்த சதிகாரர்களை அவன் பழிவாங்குவதும் நடனம் முடிந்த இரவில்தான். இனுயாமா தோசெட்சு தன் பிரபுவை இழந்த நாடோடி. தீயில் இறங்குவதாக மக்களை நம்பவைத்துக் காசு சேர்த்துப் பழிதீர்க்கத் திட்டமிடுபவன். அறங்கள் அரண்மனையில் பிறக்கவில்லை. வேலைக்காரர் கொட்டிலிலும் சத்திரத்திலும் கூத்து மேடையிலும் பிறக்கின்றன.

நாவலின் மிகப் புகழ்பெற்ற சண்டைக் காட்சி இதை இன்னும் கூர்மையாகச் சொல்கிறது. இனுசுகா ஷினோ, தந்தை உயிரைக் கொடுத்துக் காத்த, முராசமே என்ற நீர் சொரியும் வாளைக் கோகாவில் இருக்கும் பிரபுவிடம் ஒப்படைக்கப் போகிறான். புறப்படும் முன்பே வாள் மாற்றப்பட்டது அவனுக்குத் தெரியாது. அரண்மனையில் அவனை ஒற்றனென்று சூழ்கிறார்கள். வெட்டிக்கொண்டே ஹோர்யூகாகு என்ற மூன்றடுக்குக் கோபுரத்தின் கூரைக்கு ஏறுகிறான். அவனைப் பிடிக்க யாராலும் முடியாததால் சிறையிலிருந்து ஒருவனைக் கொண்டுவருகிறார்கள்: இனுகாய் கெம்பாச்சி. அநியாயத் தண்டனைகளுக்குத் துணைபோக மனமின்றிச் சிறைக்காவல் பதவியை விட விரும்பியதற்காகவே அவன் சிறையில் இருந்தான். கூரை உச்சியில் இருவரும் மோதி, பிணைந்தபடியே கீழே ஆற்றில் நின்ற படகில் விழுகிறார்கள். ஓவியர் யோஷிதோஷி 1885-ல் இந்தக் காட்சியை வரைந்து அழியாப் புகழ் தந்தார்.

அறம் இரண்டும் ஒரே பிரபுவுக்காகச் சண்டையிடுகின்றன. பெற்றோர் கட்டளையை நிறைவேற்ற வந்தவன் ஒருவன், கொடுத்த சொல்லைக் காப்பவன் மற்றவன். இருவரையும் கொல்லத் துடிக்கிறது அந்தப் பிரபுவின் அவை. விசுவாசம் என்ற பெயரில் தகுதியற்ற தலைமைக்குத் தொண்டு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எதோ காலப் புனைவில் எனக்குத் தெரியாது. அவர்கள் தப்பித்ததே அந்த அவையிலிருந்து விழுந்ததால்தான்.

விலை கொடுத்த பெண்கள்

ஷோயோ தேடிய மனித உள்ளம் இந்த நாவலில் இருக்கிறது. அவர் தேடிய இடத்தில் இல்லை.

ஷினோ கோகாவுக்குப் புறப்படும் முந்தைய இரவில் ஹமாஜி அவன் படுக்கையருகே வருகிறாள். அவனுக்கென்று நிச்சயிக்கப்பட்டவள், வளர்ப்புப் பெற்றோரோ வேறொருவனுக்குக் கட்டிக்கொடுக்கச் சூழ்ச்சி செய்கிறார்கள். கூட்டிப்போ என்று அழுகிறாள். அவன் மறுக்கிறான், அவனுக்குத் தந்தையின் கட்டளை இருக்கிறது, வாள் இருக்கிறது. அவன் சொல்லும் காரணங்கள் எல்லாம் முறையானவை. அவளுடைய அழுகை அந்த முறைமை முழுவதையும் கேள்வி கேட்கிறது. வாசகர்கள் இந்தப் பகுதியைத் தனியே கொண்டாடினார்கள். அவளைக் கடத்திச்சென்ற கயவன் கையில் அவள் சாகும்போது, ஷினோவின் கடமையுணர்வுக்குக் கணக்கு எழுதப்படுகிறது.

கொபுங்கோவின் தங்கை நுய், அவள் கணவன் ஃபுசஹாச்சி ஆகிய இருவரின் குருதிதான் காயம் முற்றிச் சாகக்கிடந்த ஷினோவைப் பிழைக்கவைக்கிறது. அவர்களுடைய சிறுமகனே அருள் மணியைத் தாங்கிய இனுஎ ஷின்பெய். இனுமுரா டாய்காகுவின் மனைவி ஹினாகினு, மாமனாரைக் கொன்று அவர் உருவில் வாழும் பூதப் பூனையின் சூழ்ச்சிக்கு இரையாகி, தன் வயிற்றைக் கிழிக்கிறாள்; உள்ளிருந்து பாயும் மணி அந்தப் பூதத்தை வீழ்த்துகிறது. ஃபுசேயின் மரணம் சிறிய அளவில் திரும்ப நிகழ்கிறது: ஆண்களின் உலகத்து முறைமை நிரூபணம் கேட்கும்போது பெண்ணின் உடல் கிழிக்கப்படுகிறது.

இது பாக்கினின் பெண்ணியம் என்று நான் சொல்லவரவில்லை. தமாசுசா, ஃபுனாமுஷி போன்ற கொடிய பெண்களைப் படைப்பதிலும் அவருக்குத் தயக்கம் இல்லை; கற்பு பற்றிய அவருடைய கருத்து அவர் காலத்துக் கருத்தே. ஆனால் அறத்தின் செலவுக் கணக்கை அவர் மறைக்கவில்லை. ஒவ்வொரு மணி வெளிப்படும்போதும் யாரோ செத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை இவ்வளவு நேர்மையாக எழுதியவரைப் பொம்மலாட்டக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது.

எழுதியவரும் எழுதிக்கொடுத்தவரும்

பாக்கின் கீழ்நிலைச் சாமுராய் குடும்பத்தில் 1767-ல் பிறந்தவர். இளமையிலேயே பிரபுவின் வீட்டுச் சேவகத்தை உதறி வெளியேறினார். செருப்புக் கடை நடத்திய விதவையை மணந்து நகரவாசி ஆனார். எழுத்துக் கூலியை நம்பி வாழ்ந்த முதல் ஜப்பானிய எழுத்தாளர்களில் அவர் ஒருவர். ஆனால் குடும்பத்தை மீண்டும் சாமுராய் நிலைக்கு உயர்த்தும் ஆசை அவரை விடவில்லை. மருத்துவராக வளர்த்த மகன் சோஹாகு 1835-ல் இறந்தபின், பேரனுக்காக ஷோகுனின் கீழ்நிலைச் சேவகர் பதவி ஒன்றை விலைக்கு வாங்க முடிவு செய்தார். 1836-ல் தன் பெயரில் பெரிய விருந்து நடத்திப் பணம் திரட்டினார். வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களை விற்றார்.

பிறப்பால் வருவதாகச் சொல்லப்பட்ட தகுதி காசுக்குக் கிடைக்கிறது என்பதை அவர் தன் கையாலேயே கண்டார். தன் நாவலிலோ தகுதிக்கு ஒரே அடையாளம் அறம் என்று எழுதிக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் நடுவிலான வலி அவருடைய பக்கங்களில் இருக்கிறது.

முதலில் வலது கண், பிறகு இடது கண் என்று பார்வை போனது. 1841 முதல், 177-ஆம் அத்தியாயத்தின் நடுவிலிருந்து, மகனின் விதவை மிச்சி அவர் சொல்லச் சொல்ல எழுதினார். கடினமான சீன எழுத்துகளை அதிகம் கற்றிராதவர் அவர். ஒவ்வொரு எழுத்தின் உறுப்புகளையும் பாக்கின் வாயால் விளக்க, மிச்சி கற்றுக்கொண்டே எழுதினார். இந்த உழைப்பை நாவலின் பின்னுரையில் பாக்கினே பதிவு செய்திருக்கிறார். மாமனார் 1848-ல் இறந்தபிறகும் குடும்ப நாட்குறிப்பை மிச்சி தொடர்ந்தார். ஒரு பெண்ணின் சொல்லால் தொடங்கிய அறக்கதை ஒரு பெண்ணின் கையால் முடிந்தது தற்செயலே. ஆனால் அந்தக் கையின்றி இந்த நூல் அரைகுறையாக நின்றிருக்கும் என்பது வரலாறு.

வாசகர்களும் வாரிசுகளும்

இவ்வகை நூல்கள் விலை உயர்ந்தவை. பெரும்பாலோர் வாடகைக்கே வாங்கிப் படித்தார்கள். 1800-களின் தொடக்கத்தில் எதோவில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட வாடகைப் புத்தகக்காரர்கள் இருந்தார்கள். மூட்டையில் நூல்களைச் சுமந்து வீடுவீடாகச் செல்வார்கள். பிரபுவின் வீட்டிலும் கடைக்காரன் வீட்டிலும் அதே பிரதி புரண்டது. யானாகாவா ஷிகெனோபு, கெய்சாய் எய்சென் போன்றோரின் படங்கள் எழுத்தோடு இணைந்தன; கபுகி மேடை கதையை எடுத்துக்கொண்டது.

இருபதாம் நூற்றாண்டில் அது பல வடிவங்களில் மீண்டது. 1973 முதல் 1975 வரை என்எச்கே தொலைக்காட்சியில் வந்த பொம்மை நாடகம் ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்கு இக்கதையைக் கொடுத்தது. 1983-ல் ஃபுகாசாகு கிஞ்சி இதைத் தழுவிய படத்தை இயக்கினார். தோரியாமா அகிராவின் 'டிராகன் பால்' படக்கதையில் தேடப்படும் மணிகளுக்கும் இதுவே தூண்டுதல். எட்டு என்ற எண்ணைத் தவிர்க்கவே ஏழு வைத்தார். 2024-ல் பாக்கினின் வாழ்வையும் கதையையும் பின்னிய திரைப்படம் வந்தது. கிளின் வாலியின் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பின் முதல் தொகுதி 2021-ல் வெளியானது.

வாரிசுகளில் பெரும்பாலோர் எடுத்துக்கொண்டது மணி, மச்சம், சிதறிய தோழர்கள், தேடல் ஆகியவற்றை. அவை எளிதில் பெயர்த்து எடுக்கக்கூடியவை. விட்டுச்சென்றது பிரபுவின் விளையாட்டுச் சொல்லை. அது இல்லாதபோது சாமுராய் உலகம் அழகான உடைகளும் கூர்மையான வாள்களும் கொண்ட அலங்காரமாகச் சுருங்குகிறது. சாகசம் இருக்கும், அதற்குக் காரணமான குற்றம் இருக்காது.

பாக்கின் தன் கதைக்குக் கொடுத்த முடிவு இதற்கு வலுச்சேர்க்கிறது. எட்டுப் பேரும் சாதோமியிடம் சேர்கிறார்கள். அண்டை நாட்டு ஆட்சியாளர்களின் கூட்டுப்படையைச் சாதோமி வெல்கிறது. வீணாகக் கொல்லாதீர்கள் என்று கட்டளை போகிறது, பகைவீரர்களுக்கும் மருந்து கொடுத்து உயிர்மீட்கிறார்கள். அருளாட்சி நிலைநிற்கிறது. ஆனால் எப்போதைக்கும் அல்ல. மணிகளின் எழுத்துகளும் உடலின் மச்சங்களும் மறைகின்றன. முதுமையில் எண்மரும் தொயாமா மலைக்குத் துறவு போகிறார்கள். அடுத்தடுத்த தலைமுறையில் சாதோமியின் அறம் தேய்வதை உணர்ந்து, இந்த நாட்டை விட்டுப் போய்விடுங்கள் என்று தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். உண்மை வரலாற்றிலும் 1533–34-ல் சாதோமி குலம் உள்நாட்டுச் சண்டையில் தன்னைத்தானே கிழித்துக்கொண்டது.

விசுவாசத்தின் பெருநூல் என்று புகழப்படும் நாவல், தகுதியிழந்த தலைமையை விட்டு விலகும்படி அறிவுறுத்தி முடிகிறது. அறம் குலத்துக்குச் சொந்தமில்லை. அதைக் காக்கும்வரை மட்டுமே குலத்துக்கு அது துணை. எட்டு வீரர்கள் மனிதர்கள் அல்லர் என்று ஷோயோ சொன்னதை ஏற்றுக்கொண்டாலும், அந்த எட்டு அறங்களைக் கொண்டு தன் காலத்து அதிகாரத்தைப் பாக்கின் எடைபோட்டார் என்பதை மறுக்க முடியாது. தணிக்கை நிலவிய ஒரு நாட்டில் அந்த வேலையைச் செய்ய அவருக்கு நாயும் மணியும் பூதப்பூனையும் வேண்டியிருந்தன. நிலப்பிரபுத்துவ ஜப்பானைக் களமாக்கி மாயக்கதை எழுத முனையும் எவரும் அவரிடமிருந்து முதலில் கற்க வேண்டியது இது: மாயத்தை எந்தக் கேள்விக்காக அழைக்கிறோம் என்பது எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.